கிக் அடித்தும் கிளம்பாத பழைய புல்லட்: அம்மீட்டர் முள்ளிலிருந்து தொடங்குங்கள்

பழைய புல்லட் காலையில் கிளம்பவில்லை என்றால் நம்மில் பலர் முதலில் செய்வது பிளக்கை மாற்றுவது. அது பலிக்காவிட்டால் காயில், அப்புறம் கண்டென்சர், அப்புறம் கார்பரேட்டர் கிட். கடைசியில் பாதி வண்டி புதிதாகிவிடும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். இந்த வண்டியைப் பொறுத்தவரை அப்படி இருட்டில் தேட வேண்டிய அவசியமே இல்லை. எங்கே பழுது என்பதை அதுவே சொல்லும். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன அம்மீட்டரை, அதாவது பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் கரண்டைக் காட்டும் மீட்டரைப் படிக்கத் தெரிந்தால், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

நான் இங்கே பேசுவது கேஸ்ட் அயர்ன் எஞ்சின் போட்ட, பாயிண்ட் வைத்த, கிக்கர் மட்டுமே உள்ள 350 சிசி புல்லட்டைப் பற்றி. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில் பிறந்த வடிவம் இது. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் தொழிற்சாலையில் இந்த வண்டி உருவாகத் தொடங்கியது. ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் அதே எஞ்சின், சின்னச் சின்ன மாற்றங்களோடு, பல பத்தாண்டுகள் இங்கே உற்பத்தியில் இருந்தது. அதனால்தான் ஐம்பது வருட வண்டிக்கும் இன்று கடையில் பாயிண்ட் செட் கிடைக்கிறது. பிற்கால வண்டிகளில் பாயிண்டுக்குப் பதில் மின்னணு இக்னிஷன் வந்துவிட்டது. அவற்றுக்கு இங்கே சொல்லும் அம்மீட்டர் கணக்கு பொருந்தாது.

வண்டி கிளம்ப என்னவெல்லாம் வேண்டும்? சரியான நேரத்தில் ஒரு நல்ல பொறி, காற்றும் பெட்ரோலும் அளவாகக் கலந்த கலவை, அதை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன், எஞ்சினைச் சுழற்றிவிட ஒரு முழு உதை. கிளம்பாத வண்டியில் இந்த நான்கில் ஏதோ ஒன்று இல்லை. பாயிண்ட் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பொறியைத்தான்.

பொறி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் அம்மீட்டர், சாவி வழியாக இக்னிஷன் காயிலுக்குள் போகிறது. காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு: தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. தடித்த சுற்று வழியாக ஓடிய கரண்ட், பாயிண்டைத் தாண்டி எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடலுக்குப் போகிறது. பாயிண்ட் என்பது இரண்டு சின்ன உலோக முனைகள், அவ்வளவுதான். அவை ஒட்டியிருக்கும்போது கரண்ட் ஓடி, காயிலில் காந்தப்புலம் உருவாகும். ஒரு கேம் (மேடு வைத்த சுழலும் உருளை) வந்து அவற்றைப் பிரிக்கும் கணத்தில் கரண்ட் அறுந்து, காந்தப்புலம் சட்டென்று சரியும். அந்தச் சரிவுதான் மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட்டைக் கிளப்பி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பாயவைக்கிறது. பாயிண்ட் மூடும்போது பொறி வராது, திறக்கும்போதுதான் வரும். இதை மனதில் வையுங்கள், இனிச் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

கண்டென்சருக்கு என்ன வேலை? பாயிண்ட் பிரியும் கணத்தில் கரண்ட் அவ்வளவு எளிதாக நிற்காது, அந்தச் சிறு இடைவெளியையும் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அப்படிக் குதித்தால் பாயிண்டில் பொறி பறக்கும், பிளக்குக்குப் போக வேண்டிய சக்தி அங்கேயே தீர்ந்துபோகும். கண்டென்சர் அந்த வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, கரண்ட் சுத்தமாக அறுபட உதவுகிறது.

இப்போது அம்மீட்டருக்கு வருவோம். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல இந்த முள்ளைப் பார்க்கப் பழக வேண்டும். லைட்டெல்லாம் அணைத்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் வைத்துச் சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வழியாகக் கரண்ட் ஓடுகிறது, முள் மைனஸ் பக்கம் சற்றுச் சாயும். பாயிண்ட் திறந்திருந்தால் கரண்ட் இல்லை, முள் நடுவில் நிற்கும். கிக்கரைக் காலால் மெதுவாக, உதைக்காமல், அழுத்திக்கொண்டே போனால் எஞ்சின் சுற்றும். அப்போது முள் மைனஸுக்கும் நடுவுக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம், அரை நிமிடம் போதும்.

முள் ஒழுங்காகப் போய்வந்தால் பேட்டரி, ஃபியூஸ், சாவி, காயிலின் தடித்த சுற்று, பாயிண்ட் என்ற அந்தப் பாதை முழுவதும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தாறு பொருட்களை ஒரே பார்வையில் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்துவிட்டீர்கள்.

முள் அசையவே இல்லை, நடுவிலேயே நிற்கிறது என்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. ஹாரனை அடித்துப் பாருங்கள். அது முனகினாலோ மௌனமாக இருந்தாலோ பேட்டரியையும் ஃபியூஸையும் முதலில் கவனிக்க வேண்டும். ஹாரன் நன்றாக அலறினால் ஒரு டெஸ்ட் லாம்பை எடுங்கள். ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் வைத்தது, நாமே செய்துகொள்ளலாம். ஒரு முனையை எஞ்சினில் எர்த் செய்து, இன்னொன்றைக் காயிலுக்குச் சாவியிலிருந்து வரும் முனையில் வையுங்கள். எரியவில்லை என்றால் கோளாறு காயிலுக்கு முன்னால்: சாவியின் உள்பகுதி, அல்லது ஹெட்லைட் டூமுக்குள் தளர்ந்துபோன ஒயர். எரிந்தால் காயிலின் மறுமுனைக்கு, அதாவது பாயிண்டுக்குப் போகும் பக்கத்துக்குப் போங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது இங்கே பல்ப் எரியக் கூடாது, ஏனென்றால் அந்த நேரத்தில் இந்த முனை எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். மூடியிருந்தும் எரிகிறது என்றால் ஒன்று பாயிண்ட் முனைகளில் அழுக்கோ எண்ணெயோ படிந்திருக்கிறது, இல்லையென்றால் அங்கே போகும் ஒயர் அறுந்திருக்கிறது. பாயிண்ட் திறந்திருக்கும்போதும் இந்தப் பக்கம் எரியவில்லை, முன்பக்கம் மட்டும் எரிகிறது என்றால் காயிலுக்குள்ளேயே சுற்று அறுந்துவிட்டது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெரும்பாலும் குற்றவாளி இந்த அழுக்குப் பாயிண்ட்தான். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் பூத்துவிடும்.

மூன்றாவது நிலை: முள் மைனஸில் சாய்ந்தபடியே நிற்கிறது, கிக்கரை அழுத்தினாலும் நடுவுக்கு வருவதில்லை. பாயிண்ட் திறக்கவே இல்லை, அல்லது திறந்தாலும் கரண்ட் வேறு வழியில் எர்த்துக்கு ஓடுகிறது. பாயிண்டின் இடைவெளி முற்றிலும் குறைந்துபோயிருக்கலாம், ஒயரின் உறை உரிந்து எஞ்சினில் உரசிக்கொண்டிருக்கலாம், கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கலாம். கண்டென்சரின் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். முள் அசைய ஆரம்பித்தால் கண்டென்சரை மாற்றினால் போதும். சாவி போட்டதுமே முள் மைனஸ் பக்கம் கடைசி வரை பாய்ந்தால் அது வேறு விஷயம், எங்கோ நேரடி ஷார்ட். உடனே சாவியை அணைத்துவிடுங்கள். ஒயரிங் கருகுவதற்கு அதிக நேரம் ஆகாது.

இந்தச் சோதனைகளை முடித்ததும் சாவியை மறக்காமல் அணைக்க வேண்டும். எஞ்சின் ஓடாமல் பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டே கிடந்தால், காயில் சூடேறிக் கெடும், பேட்டரியும் இறங்கிவிடும்.

பாயிண்டைச் சரிசெய்வது

பாயிண்ட் இருப்பது எஞ்சினின் வலதுபக்கம், சிலிண்டருக்குப் பின்னால், ஒரு வட்ட மூடிக்குள். மூடியைத் திறந்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பிளக்கைக் கழற்றி, நாலாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் எஞ்சின் லேசாகச் சுற்றும். கேமின் முனை வந்து பாயிண்டை முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

முனைகளைக் கவனமாகப் பாருங்கள். லேசாகச் சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நல்லது. ஒன்றில் மேடும் மற்றொன்றில் பள்ளமும் விழுந்திருந்தால் கண்டென்சர் சரியில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். வெறும் அழுக்கு என்றால், கெட்டி அட்டைத் துண்டைப் பெட்ரோலில் நனைத்து முனைகளுக்கு நடுவே இழுத்தாலே போய்விடும். எமரி பேப்பரை நான் கூடுமானவரை தவிர்ப்பேன், அதன் துகள் முனையில் பதிந்து மறுபடி கரண்டைத் தடுக்கும். தேய்க்கத்தான் வேண்டும் என்றால் பாயிண்டுக்கென்றே வரும் மெல்லிய அரம் நல்லது.

பிறகு ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு. இந்த வண்டிக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. ஸ்க்ரூவை இறுக்கியதும் ஒருமுறை மறுபடி அளந்துவிடுங்கள், இறுக்கும்போது இடைவெளி நகர்ந்துவிடுவது வழக்கம். கேமில் உரசும் அந்த ஃபைபர் குதிகால் நாளடைவில் தேயும். அது தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். வண்டி கிளம்ப மறுப்பது, சோம்பலாக ஓடுவது, அதிகம் சூடாவது எல்லாம் இதனால் வரலாம். கேமில் துளி கிரீஸ் தடவினால் தேய்மானம் குறையும். துளிதான், அதிகமானால் அது முனையில் தெறிக்கும்.

அம்மீட்டர் முள் நன்றாகப் போய்வருகிறது, ஆனாலும் வண்டி கிளம்பவில்லை என்றால் பிளக்குக்குப் போங்கள். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடல் சிலிண்டர் ஹெட்டில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் பிளக்கைத் துளையை விட்டுத் தள்ளியே வைக்க வேண்டும். நீலமாக, தடிப்பாக, ‘டக்’ என்ற சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, நூலாக வந்தால் போதாது. வெளிக்காற்றில் பாய்வதைவிடக் கம்ப்ரஷனுக்குள் பாய்வதற்கு அதிக வோல்ட் வேண்டும், ஆகவே வெளியே தடுமாறும் பொறி உள்ளே பெரும்பாலும் செத்துவிடும். பலவீனமான பொறிக்குக் காரணம் கண்டென்சராக இருக்கலாம், காயிலின் மெல்லிய சுற்றாக இருக்கலாம், ஒயரிலிருந்து தளர்ந்துவிட்ட பிளக் கேப்பாகவும் இருக்கலாம். செலவில்லாததை முதலில் பாருங்கள்: கேப்பைக் கழற்றி, ஒயரின் நுனியை அரை அங்குலம் வெட்டி, மறுபடி திருகுங்கள். காலையில் கிளம்பி, சூடானதும் நின்று, ஆறிய பிறகு மறுபடி கிளம்பும் வண்டியில் கண்டென்சரையும் காயிலையும் சந்தேகப்படலாம். பிளக்கின் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

பெட்ரோல் பக்கம்

கழற்றிய பிளக் இன்னொரு செய்தியும் சொல்லும். பத்து கிக்குக்குப் பிறகும் அது காய்ந்து கிடந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அளவுக்கு மீறி வந்துவிட்டது. நனைந்திருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து, டீகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் வால்வின் லிவர்) பிடித்துக்கொண்டு ஏழெட்டுத் தடவை கிக் அடியுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறும். துடைத்துக் காயவைத்த பிளக்கைப் போட்டு மறுபடி முயலலாம்.

வறண்டிருந்தால் கார்பரேட்டரில் இருந்து பெட்ரோல் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். தாராளமாகக் கொட்ட வேண்டும். முதலில் கொட்டிப் பிறகு மெல்ல மெல்லக் குறைந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டியூப் வரை நன்றாக வருகிறது என்றால் அடைப்பு கார்பரேட்டருக்குள், பெரும்பாலும் பைலட் ஜெட்டில். ஸ்டார்ட் ஆவதற்கும் ஐடிலுக்கும் பெட்ரோல் தருவது இந்த ஜெட்தான். அதன் துளை மயிரிழை அளவு. நின்றுபோன வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒன்று அங்கே படிந்துவிடும். இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம், துளை பெரிதாகிவிடும். கார்பரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களை ஊதவைக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால், கார்பரேட்டர் பவுலைக் காலி செய்துவிடுவது எல்லாவற்றிலும் நல்ல வைத்தியம்.

மிக்கார்ப் கார்பரேட்டர் உள்ள வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் சோக் என்பது ஸ்டார்ட்டுக்கென்று தனியாகப் பெட்ரோல் தரும் ஒரு பாதை. ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தால்தான் அந்தப் பாதைக்கு இழுவிசை கிடைக்கும். குளிர்ந்த வண்டியில் சோக்கைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரையும் முறுக்கிக்கொண்டே கிக் அடிப்பவர்கள், தாங்கள் போட்ட சோக்கைத் தாங்களே வீணாக்குகிறார்கள்.

கம்ப்ரஷனைக் காலாலேயே பார்க்கலாம். சாவியை அணைத்துவிட்டு, கிக்கரைத் தடுக்கும் இடம் வரை அழுத்தி, அதன்மேல் கொஞ்சம் எடையைப் போடுங்கள். சற்று நேரம் தாங்கிப் பிறகு மெல்ல இறங்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் காது கொடுத்துக் கேளுங்கள். கார்பரேட்டர் பக்கம் ‘உஸ்’ என்றால் இன்லெட் வால்வு, சைலன்சர் பக்கம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, எஞ்சினின் பிரீதரில் (உள்ளே சேரும் காற்று வெளியேறும் குழாய்) என்றால் பிஸ்டன் ரிங். நான்காவதாக ஓர் இடம் உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: டீகம்ப்ரஸர். அதன் கேபிள் இறுக்கமாக இருந்தால் வால்வு எப்போதும் மயிரிழை திறந்தே இருக்கும். கேபிளில் கொஞ்சம் தளர்வு கொடுத்தாலே வண்டி மாறிவிடும்.

வால்வு என்றதும் எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். சிலிண்டரின் வலதுபக்க அடியில் ஒற்றை நட்டோடு ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் புஷ்ராடுகள், அதாவது வால்வுகளைத் திறக்க உதவும் கம்பிகள் தெரியும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க, பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கும்போது, இரண்டு புஷ்ராடும் விரலால் உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடவில்லை, கம்ப்ரஷன் அங்கேதான் போகிறது. சூடான பிறகு கிளம்ப மறுக்கும் புல்லட்டில் இந்த டேப்பெட் சோதனையை அவசியம் செய்ய வேண்டும்.

நெடுநாள் நின்ற வண்டியில் கிக்கர் இயல்பைவிடக் கனமாக இருந்தால், எண்ணெய் தேங்கியிருக்கலாம். இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க்கேஸின் ஒரு பகுதிதான் டேங்க். பம்ப் தேய்ந்திருந்தால், நிற்கும்போது ஆயில் கிராங்க் இருக்கும் அறைக்குள் மெல்ல இறங்கிவிடும். அடியிலுள்ள பிளக்கைத் திறந்து அதை வடித்துவிட்டுக் கிளப்புங்கள்.

முறையாக உதைப்பது

எல்லாம் சரியாக இருந்தும் உதைக்கும் முறை தெரியாமல் தவிப்பவர்கள் அதிகம். அதற்கும் அம்மீட்டரே துணை. பாயிண்டைத் திறக்கும் கேம் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது. பிஸ்டன் மேலே வரும் இரண்டு தடவையில் ஒரு தடவை, கம்ப்ரஷனின்போது மட்டும்தான் பாயிண்ட் திறக்கும். ஆகவே முள் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சிக்கு அருகில் இருக்கிறது.

சாவியைப் போட்டு, கிக்கரை எதிர்ப்பு வரும்வரை மெதுவாக அழுத்துங்கள். டீகம்ப்ரஸரைப் பிடித்து, முள் மைனஸிலிருந்து நடுவுக்கு வந்து, இன்னும் கொஞ்சம், கிக்கரின் ஓரிரு அங்குலம் நகரும்வரை அழுத்துங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிட்டது. டீகம்ப்ரஸரை விடுங்கள், கிக்கரை மேலே வரவிட்டு, மேலிருந்து அடிவரை ஒரே நீண்ட உதை. வேகமாகக் குத்த வேண்டியதில்லை, முழு நீளத்துக்கு உடல் எடை இறங்கினால் போதும். அடுத்த கம்ப்ரஷன் வருவதற்குள் எஞ்சின் கிட்டத்தட்ட இரண்டு சுற்றுச் சுற்றி வேகம் பிடித்திருக்கும், அந்த வேகத்தில் அது உச்சியைத் தானாகத் தாண்டும்.

இந்த முறையைப் பின்பற்றியும் கிக்கர் திருப்பி அடித்தால் நிறுத்திவிடுங்கள். கணுக்காலை முறிக்கக்கூடிய அடி அது. பிஸ்டன் உச்சிக்கு வரும் வெகு முன்பே பொறி விழுகிறது என்று அர்த்தம். டைமிங் (பொறி விழும் நேரம்) தவறாக வைக்கப்பட்டிருக்கும், அல்லது பாயிண்டுக்கு அடியில், வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டி விழவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் துருவில் சிக்கி, விரிந்த நிலையிலேயே நின்றிருக்கும். அவற்றின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கின்றனவா, எடைகள் விரலால் தள்ளிவிட்டால் தானாகத் திரும்புகின்றனவா என்று பாருங்கள். டைமிங் வைப்பதை முதல்முறை ஒரு நல்ல பழைய மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

கடைசியாக, கிக்கரே வழுக்குவது. புல்லட்டின் கிக்கர் நேராக எஞ்சினைச் சுழற்றுவதில்லை. அது கியர்பாக்ஸில் இருக்கிறது, அங்கிருந்து கிளட்ச், பிரைமரி செயின் வழியாகத்தான் உதை கிராங்க்குக்குப் போகிறது. அதனால் கிளட்ச் பிளேட் வழுக்கினால் கிக்கரும் வழுக்கும். கிளட்ச்சைப் பிடித்தபடி கியரில் கிளப்ப முடியாததும் இதனால்தான். வழுக்கும் கிக்கருக்கு முதலில் கிளட்ச் கேபிளில் போதிய தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் சரியாக இருந்தும் வழுக்கினால், கிளட்ச் பிளேட்டுகளைக் கழற்றி எண்ணெய் ஏறியிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘கடக்’ என்று பல் தாவும் சத்தத்தோடு நழுவினால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிக்கர் பால் (pawl, பல்லைப் பிடிக்கும் கொக்கி) தேய்ந்துவிட்டது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.